கல்லாறு தாண்டினால் சத்தம் மாறும்

வெள்ளி இரவு, மேட்டுப்பாளையம்

நாளைக் காலை ஊட்டி மலை ரயிலில் ஏறுவதற்காகக் கோவையிலிருந்து பாசஞ்சரில் வந்து சேர்ந்தாயிற்று. பொங்கல் கூட்டம் வடிந்துவிட்டதால் உட்கார இடம் கிடைத்தது. காரமடை தாண்டியதும் மலை நேர் எதிரே வந்து நின்றுவிடுகிறது. மதுரை நண்பர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. சேலத்து டீச்சர், பொள்ளாச்சியில் கல்லூரி படிக்கும் பையன், திருச்சியிலிருந்து நான், அப்புறம் அண்ணி. இவ்வளவுதான் ஆட்கள்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. ரயில் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிறவர்கள், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறோம். வயசு வேறு, வேலை வேறு. எங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவர் அண்ணன். போன ஐப்பசியில் அவர் காலமானார். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அண்ணன் என்றே எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் அவருக்குச் சொந்தக்காரர்கள்கூடக் கிடையாது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான அந்த 46 கிலோமீட்டரில் எந்த வளைவில் பாறை கசியும், எந்தப் பாலத்தில் ஏறும்போது ஓசை கனக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். லீவு கிடைத்தால் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார். வந்தாலும் பெரும்பாலும் மலை ரயிலில் ஏற மாட்டார். காலையில் வண்டியை வழியனுப்பிவிட்டு, பஸ் பிடித்து அதற்கு முன்பே குன்னூர் போய், அதே வண்டி வந்து நிற்பதைப் பார்ப்பார். உள்ளே உட்கார்ந்தால் ரயில் தெரியாது என்பார்.

"என்னையும் வா வான்னு கூப்பிடுவாருங்க. புள்ளைங்க, மாடு, தோட்டம்னு நாந்தான் போகவே இல்லை" என்றார் அண்ணி. அவருக்கும் சேர்த்துத்தான் நாளைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருக்கிறார். அதில் அண்ணனுடைய நோட்டுகள். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மண்டிக்குப் போகும் உருளைக்கிழங்கு லாரிகளின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. காலை 7.10க்கு வண்டி.


சனி, குன்னூர்

விடிவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் நின்றோம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு மலை ரயில் பக்கம் ஓடி வருகிறார்கள். வந்தவர்கள் முதலில் இன்ஜினைத் தேடி முன்பக்கம் போவார்கள். அங்கே இருக்காது. மலை ஏறும்போது இன்ஜின் வண்டியின் வாலில் இருந்து தள்ளிக்கொண்டு போகும். பெட்டிகளின் கொக்கி அறுந்தாலும் வண்டி பின்னால் உருண்டுவிடாமல் இன்ஜின் தாங்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

அதனால் இன்ஜின் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்முனையிலும் ஒரு சின்ன மேடை, அதில் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் பச்சையும் சிவப்புமாகக் கொடிகள். முதல் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அதைப் பார்த்து அடுத்தவர், அதைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று சைகை பின்னால் இன்ஜின் வரை போகும். பாறை கிடந்தாலும் யானை நின்றாலும் முதலில் பார்ப்பது அவர்தான். அண்ணனிடம் இன்ஜினைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் அவர் பிரேக்ஸ்மேனில்தான் ஆரம்பிப்பார். "இன்ஜினை எல்லாரும் போட்டோ புடிச்சுக்குவாங்க. அவங்களை யாரு புடிக்கறாங்க?" என்று கேட்பார். அவர் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மனிதர்கள். கொடி பிடித்த கை, எண்ணெய்க் கறை படிந்த சட்டை, ஒருவருக்கொருவர் டீ நீட்டிக்கொள்வது. அந்தப் படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் அவரவரிடமே கொடுத்துவிடுவார். அவர் வீட்டில் தேடினால் ஒன்றும் மிஞ்சவில்லை.

வண்டி கிளம்பியதும் பவானி ஆற்றுப் பாலம். அப்புறம் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓட்டம். இந்த எட்டு கிலோமீட்டர் சமவெளிதான், சாதாரண மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டி போலத்தான் போகும். கல்லாற்றில்தான் மலை ஆரம்பம். அங்கிருந்து தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் போட்டிருக்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் இவற்றைக் கடித்துத்தான் குன்னூர் வரை வண்டியை மேலே ஏற்றுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் 12.28க்கு 1. அதாவது பன்னிரண்டு அடி சொச்சம் போவதற்குள் ஒரு அடி மேலே ஏறியாக வேண்டும். வெறும் சக்கரமும் தண்டவாளமும் மட்டும் இருந்தால் வழுக்கிவிடும்.

இந்தப் பல் பட்டை ஏன் இரட்டையாக இருக்கிறது என்று நான் அண்ணனிடம் கேட்டது கல்லாற்றில் ஒரு டீக்கடையில் வைத்து. அவர் சட்டைப் பையிலிருந்து தன் சீப்பை எடுத்தார். கடைக்காரரிடம் இன்னொரு சீப்பை இரவல் வாங்கினார். இரண்டையும் ஒட்டிப் பிடித்து, ஒன்றின் பல்லுக்கு நேராக இன்னொன்றின் சந்து வருகிற மாதிரி அரைப் பல் அளவு நகர்த்தி வைத்தார். பிறகு தீக்குச்சியை வைத்து மேலே ஓட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, ஒரு சீப்பு விடற நேரத்துல இன்னொண்ணு புடிச்சிருக்கும். எந்த நேரத்துலயும் ஏதோ ஒரு பல்லு கடிச்சுட்டே இருக்கோணும். ஆப்ட்ன்னு ஒரு சுவிஸ்காரரு யோசிச்சது." ரோமன் ஆப்ட் என்கிற அந்த சுவிஸ் பொறியாளர் பெயரால்தான் இன்றைக்கும் இந்த முறையைச் சொல்கிறார்கள். அண்ணன் கடைக்காரரின் சீப்பை வேட்டி நுனியில் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு பழைய தபால் உறையைக் கிழித்து, பென்சிலால் இன்ஜினை வரைந்தார். எக்ஸ் வகுப்பு இன்ஜின். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊரில் செய்து, 1914 முதல் 1952 வரை தவணை தவணையாக வந்தவை. பக்கவாட்டில் பார்த்தால் சிலிண்டர்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடுக்காக இருக்கும். கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது பல் சக்கரத்தை ஓட்டும். சமவெளியில் கீழ் சிலிண்டருக்கு மட்டும்தான் வேலை. கல்லாற்றில் ஏற்றம் தொடங்கியதும், கீழ் சிலிண்டரில் ஒரு தரம் உழைத்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி இரண்டாம் தரமும் வேலை வாங்குகிறார்கள். "அதனால்தான் கல்லாறு தாண்டுனா சத்தம் மாறும். நல்லா காது குடுத்துக் கேளுங்க" என்றார்.

கடைசி ஒரு வருஷம் அவரால் மலைக்கு வர முடியவில்லை. எத்தனையோ வருஷப் பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் எங்களில் யார் இந்த வண்டியில் போனாலும் கல்லாறு நெருங்கும்போது அவருக்கு போன் போட்டு, கடைசிப் பெட்டி ஜன்னலில் இன்ஜின் பக்கமாகப் பிடித்துக்கொள்வோம். மறுமுனையில் அவர் பேசவே மாட்டார். வண்டி நடை வேகத்துக்கும் கீழே இறங்கும். பல் சக்கரம் பட்டையில் ஏறிப் பிடிக்கும். ஓசை இரட்டிக்கும். "புடிச்சிருச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு அவரே போனை வைத்துவிடுவார், சார்ஜ் போய்விடும் என்று நம்மைப் பற்றிக் கவலைப்பட்டு.

இன்றைக்குக் கல்லாற்றில் அண்ணி கடைசிப் பெட்டியில், இன்ஜினுக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். எங்களில் யாரும் அவரிடம் முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்கவில்லை. வண்டி மெதுவானது. கீழே கடகடவென்று பல் விழுந்தது. "இதாங்களா?" என்று திரும்பிக் கேட்டார். ஆமாம் என்று டீச்சர் சொன்னதும், அதன் பிறகு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தார். அழவில்லை. அவர் முகத்தில் இருந்தது கவனம்தான்.

பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கூட ஓடி வருகிறவன்கூட முந்திவிடலாம். ஆனால் அந்த வேகம்தான் எல்லாவற்றையும் காட்டுகிறது. அடர்லி தாண்டிப் பாலங்கள், குகைகள், கீழே கிடுகிடு பள்ளம், மறுபக்கம் பாறையில் கசியும் தண்ணீர். மொத்தப் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். குகைக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டியிலிருந்த பிள்ளைகள் கத்தினார்கள். பொள்ளாச்சிப் பையனும் சேர்ந்து கத்தினான். நல்ல காரியம் செய்தான்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. குரங்குகள் வந்தன. டீயும் வடையும் வந்தது. நாங்கள் இறங்கி நின்றுகொண்டிருந்தபோது ஒரு பிரேக்ஸ்மேன், ஐம்பது வயசு இருக்கும், மதுரை நண்பரைப் பார்த்து நடந்து வந்தார். அவர்கள் முன்பே பழகியவர்கள்.

"ஐயா வரலீங்களா? ரொம்ப நாளாச்சு பார்த்து."

எங்களுக்கு வாய் வரவில்லை. அண்ணிதான் சொன்னார். "ஐப்பசியில போயிட்டாருங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார். யார் என்று புரிந்துகொண்டார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாருங்கம்மா. பந்தி முடியற வரைக்கும் இருந்து, எல விரிச்சாருங்க. எங்க மாமனுங்களே உட்கார்ந்து சாப்புட்டுட்டு இருந்தாங்க, இவரு எல விரிச்சாரு" என்றார். விசில் கேட்டது. வேலை நேரம், அவர் தன் பெட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. வளைவுகளில் பெட்டிகள் வில்லாக வளையும்போது முன்னால் அவருடைய கை வெளியே வருவதும் கொடி அசைவதும் எங்களுக்குத் தெரிந்தது. ரன்னிமேடு, காட்டேரி எல்லாம் தாண்டிக் குன்னூர் வரும்வரை நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணி கட்டிக்கொண்டு வந்திருந்த அரிசிம்பருப்புச் சாதத்தைக் குன்னூர் பிளாட்பாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். டூட்டி முடிந்து அந்தப் பிரேக்ஸ்மேனும் வந்து எங்களோடு இரண்டு கவளம் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. கை விறைக்கிறது, குன்னூரில் நல்ல குளிர்.


ஞாயிறு, குன்னூர்

மஞ்சள் பையைப் பிரித்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி நீள நோட்டுகள். சிலவற்றுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறார். இங்கே வந்த ஒவ்வொரு முறையும் அன்றைய வண்டியைப் பற்றி ஒரு பக்கம். எந்த இன்ஜின், எத்தனை பெட்டி, எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு, மழையா வெயிலா. இவ்வளவு வரைக்கும் எந்த ரயில் ரசிகரும் எழுதி வைப்பதுதான். அதற்குக் கீழே அண்ணன் எழுதுவது வேறு.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். நீல மை, நடுவில் மழைத்துளி பட்டுக் கலங்கியிருக்கிறது. "37391. நான்கு பெட்டி. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வழக்கத்தைவிட நேரம் ஆனது. பயர்மேன் புதுப் பையன், கை நடுங்குகிறது, டிரைவர் திட்டாமல் சொல்லிக் கொடுக்கிறார். ரன்னிமேட்டுக்கு மேலே கேங்மேன்கள் ஆறு பேர், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஜல்லி தள்ளுகிறார்கள். அதில் ஒரு அம்மாள். செருப்பு இல்லை."

பயர்மேன் என்றால் இன்ஜினில் தீயைக் கவனிப்பவர், கேங்மேன் என்றால் பாதையைப் பராமரிப்பவர். இப்படித்தான் பக்கத்துக்குப் பக்கம். டீச்சர் சத்தமாகப் படிக்க நாங்கள் கேட்டோம்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் வரலாறு. 1891 ஆகஸ்டில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண் வெட்டித் தொடங்கி வைத்தது. அந்தக் கம்பெனி நொடித்துப்போய் இன்னொரு கம்பெனி வந்து முடித்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடியது. 1908இல் ஊட்டி வரை நீண்டது. 2005 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே பெரிய மனிதர்கள் பெயரை எழுதிவிட்டு, கீழே கோடு போட்டு, "குகை குடைந்தவர்கள் பெயர் தேட வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறார். பல வருஷம் தேடியிருக்கிறார் போல. அந்த வரிக்குக் கீழே அரைப் பக்கம் காலியாகவே இருக்கிறது. எனக்கு இந்த நோட்டுகளிலேயே பெரிய பக்கம் அதுதான்.

2009 நவம்பர் மழையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நீலகிரியில் மலை சரிந்து உயிர்கள் போன அந்த மழை. ரயில் பாதையும் அடிபட்டது. ரயில் மறுபடி எப்போது ஓடும் என்று நாங்கள் எல்லோரும் அண்ணனை போனில் நச்சரித்துக்கொண்டிருந்தோம். அவர் அந்த நாட்களில் மண் அள்ளுகிறவர்களுக்கு என்ன சாப்பாடு போகிறது, எங்கே தங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது இந்த நோட்டைப் படித்துத்தான் எனக்குத் தெரிகிறது. கோவையில் மில் நண்பர்களிடம் வசூல் செய்து கம்பளி வாங்கிக் கொண்டுபோயிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரயில் ரசிகர்கள் நடுவே ஓயாத சண்டை ஒன்று உண்டு, நிலக்கரியா எண்ணெயா என்று. இன்ஜின்களில் பலவற்றைப் பர்னஸ் ஆயிலில் எரியும்படி மாற்றியபோது, இதெல்லாம் ஒரு நீராவி இன்ஜினா, கரிப்புகை வாசமே போயிற்று என்று எங்களில் பாதிப் பேர் குதித்தோம். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குன்னூரு வரைக்கும் கரி அள்ளிப் போட்டவங்க முதுகை ஒருக்கா பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் அந்தச் சண்டை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுவோம். அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். கரியோ எண்ணெயோ, நீராவி ஒன்றுதான். வண்டி ஓட வேண்டும், ஓட்டுகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

என் ஊர்க்கதை ஒன்றும் அந்த நோட்டில் இருக்கிறது. பழைய சுவிஸ் இன்ஜின்கள் தளர்ந்துபோனதும், அதே வரைபடத்தை வைத்துப் புது இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். 2011 வாக்கில் முதல் புது இன்ஜின். திருச்சியில் எல்லாம் அகலப்பாதை, இதுவோ மீட்டர்கேஜ். அதனால் டிரெய்லர் லாரியில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். அது கிளம்புகிற சமயம் அண்ணன் எனக்கு போன் செய்தார். இன்ஜினைப் படம் எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "தம்பி, பணிமனை வாசல்ல டீ குடிக்க வர்றவங்ககிட்ட, கோயமுத்தூர்ல ஒரு பழைய பிட்டரு கும்புடு சொன்னாருன்னு சொல்லிருங்க" என்றார். நான் போய்ச் சொன்னேன். கேட்டவர் முதலில் விழித்தார். அப்புறம் சிரித்துவிட்டு, "எங்களுக்கு யாருங்க வந்து இதெல்லாம் சொல்றாங்க" என்று என்னைத் தன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் விட்டார். நோட்டில் அந்தத் தேதியில் ஒரே வரி: "கும்பிடு சேர்ந்தது."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே கேட்டில் போய் நின்றோம். குன்னூரில் வண்டி வரும் என்றால் கேட் மூடி ஊரே நின்றுவிடும். அண்ணனுக்குப் பிடித்த இடம் இது. பாதுகாப்பாகப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது, குகை வாயில் நின்று போட்டோ எடுப்பது இதெல்லாம் அவரிடம் நடக்காது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டிருக்கிறேன். பாதை மேல் ஆள் நின்றால் பிரேக்ஸ்மேனுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், அவருக்கு அந்தத் தொல்லையைக் கொடுக்க நாம் யார் என்பார்.

கேட்டில் நிற்கும்போது பொள்ளாச்சிப் பையன் தன் கதையைச் சொன்னான். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, புகை சில நேரம் வெள்ளையாகவும் சில நேரம் கறுப்பாகவும் வருவது ஏன் என்று அண்ணனுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கிறான். நாலு பக்கத்தில் பதில் வந்திருக்கிறது. கறுப்பு என்றால் சரியாக எரியாத கரி, வெள்ளை என்றால் பெரும்பாலும் நீராவி குளிர்ந்து துளியாவது என்று படம் போட்டு விளக்கி, கடைசியில், "நல்ல கேள்வி கேட்டீங்க கண்ணு, இதை எனக்கு ஒரு டிரைவர் சொல்லிக் குடுத்தாரு" என்று எழுதியிருக்கிறார். தனக்குத் தெரிந்ததை யாரிடம் கற்றேன் என்று சொல்லாமல் அவர் விட்டதே இல்லை. பையன் இப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான்.


திங்கள், உதகை

குன்னூரிலிருந்து காலை வண்டி. இங்கிருந்து பல் பட்டை கிடையாது, ஏற்றம் 25க்கு 1 என்று தணிந்துவிடுகிறது. டீசல் இன்ஜின் போதும். ஸ்டேஷனை விட்டு வண்டி முதலில் வந்த பக்கமாகவே கொஞ்சம் பின்னுக்குப் போய், பிறகு ஊட்டித் தடத்தில் ஏறுகிறது. இது தெரியாதவர்கள், திரும்ப மேட்டுப்பாளையத்துக்கே போகிறதோ என்று ஒரு நிமிஷம் பதறுவார்கள். எதிர் இருக்கைக் குடும்பத்துக்கு அண்ணியே விளக்கிச் சொன்னார். நேற்று இரவு நோட்டில் படித்ததாம்.

வெலிங்டன், அருவங்காடு. கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்கள் இறங்கினார்கள். கேத்தியில் பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. அடுக்கடுக்காகக் கேரட் பாத்தி, பூண்டுப் பாத்தி, நடுவே படுகர் ஊர்களின் சின்னச் சின்ன வீடுகள். நிழல் விழுந்த பக்கத்துப் புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. லவ்டேலில் யூகலிப்டஸ் வாசம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர். கேத்தியைப் பற்றி இன்னும் எழுதலாம்தான். ஆனால் இன்றைக்கு எங்கள் பேச்சு முழுக்க நோட்டுகளைப் பற்றி.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தோம். நோட்டுகள் அண்ணியிடமே இருக்கும். அவை அவருடையவை. ஏதாவது காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மதுரை நண்பர் சொன்னார். அண்ணி யோசித்துவிட்டு, "கண்ணாடிப் பொட்டியில வெச்சா யாரு புரட்டறது?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆகவே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அச்செடுத்து, தைத்து, எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி. குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பிரதி. நோட்டில் பெயர் வருகிற டிரைவர்கள், பயர்மேன்கள், பிரேக்ஸ்மேன்கள், கேங்மேன்கள் யார் யாரைக் கண்டுபிடிக்க முடிகிறதோ அவர்களுக்கு, அவர்களைப் பற்றிய பக்கத்தின் பிரதி. பெயர்ப்பட்டியல் எடுக்கும் வேலை டீச்சருடையது. பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். வீடு தேடிப் போய்க் கொடுக்கும் வேலையைப் பொள்ளாச்சிப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறாரே, குகை குடைந்தவர்கள் பெயர், அதைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய ஆவணங்களில் எங்கே தொடங்குவது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. அண்ணன் யாருக்கு எதை விளக்கினாலும் தபால் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துதான் விளக்குவார். முடிந்ததும் அந்தப் படத்தைக் கேட்டவரிடமே கொடுத்துவிடுவார். அவர் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் எக்ஸ் வகுப்பு இன்ஜின் இருக்கிறது. மதுரை நண்பரிடம் கல்லாற்றுப் பல் பட்டை நுழைவு இருக்கிறது. டீச்சரிடம் கொடி சைகைகள். இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது அவர் வரைந்த உறை இருந்தால், பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பென்சில் கோடு அழிந்துகொண்டு வரும், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உறையின் முன்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். தபால் முத்திரைத் தேதியை வைத்து நோட்டில் எந்தப் பக்கத்தோடு சேரும் என்று பார்த்துக்கொள்ளலாம்.